திசைவேக மாற்றக் கணக்கு தப்பாக வருகிறதா? விடையைக் காட்டுங்கள், எங்கே சறுக்கியது என்று பார்ப்போம்

ப்ளஸ் ஒன் இயற்பியலில் இரண்டாவது பாடத்திலேயே வந்துவிடுகிற கணக்கு இது. ஒரு பொருள் முதலில் கிழக்கே இவ்வளவு வேகத்தில் போனது, பிறகு வடக்கே இவ்வளவு வேகத்தில் போனது, திசைவேக மாற்றம் எவ்வளவு? பார்த்தால் ஒரே ஒரு கழித்தல். ஆனால் டியூஷனில் ஒரு கட்டுத் தாளைத் திருத்தி முடிப்பதற்குள் ஐந்தாறு வகை விடை பார்த்துவிடுவேன். ஒவ்வொரு தப்பு விடைக்கும் ஒரு முகம் இருக்கிறது. விடையைப் பார்த்தாலே எந்த வரியில் கால் இடறியது என்று சொல்லிவிடலாம். அதனால் சூத்திரத்திலிருந்து தொடங்காமல், உங்களுக்கு வந்திருக்கும் விடையிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் அறிகுறி எதுவோ அந்த இடத்துக்கு நேராகப் போய்விடலாம்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பெட்டிக்கடையில் 67 ரூபாய்க்குச் சாமான் வாங்கி 100 ரூபாயை நீட்டினால், பழைய கடைக்காரர்கள் கழித்துப் பார்ப்பதில்லை. "அறுபத்தேழு... எழுபது, எண்பது, நூறு" என்று கூட்டிக்கொண்டே போய்ச் சில்லறையைக் கையில் வைப்பார்கள். வெக்டர் கழித்தலையும், அதாவது திசைவேகம் போல அளவோடு திசையும் உள்ளவற்றைக் கழிப்பதையும், அப்படித்தான் செய்ய வேண்டும் என்பது என் கட்சி. "பழைய திசைவேகத்தோடு எதைச் சேர்த்தால் புதிய திசைவேகம் கிடைக்கும்?" அந்த 'எது'தான் திசைவேக மாற்றம். வெக்டரைத் திருப்பிப் போட்டுக் கூட்டு என்று புத்தகம் சொல்லும் வழியும் சரிதான். ஆனால் எதைத் திருப்புவது என்பதில்தான் பாதிப் பேர் தடுமாறுகிறார்கள்.

"விடை சுழி என்று வருகிறது"

பேருந்து ஒன்று கிழக்கு நோக்கி மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் வருகிறது. அதாவது 10 மீ/வி. திருப்பத்தில் வளைந்து அதே 10 மீ/வி வேகத்தில் வடக்கே போகிறது. தாளில் இருப்பது: 10 − 10 = 0. மாற்றம் இல்லை.

இங்கே கழித்தது திசைவேகத்தை அல்ல, வேகமானி காட்டிய எண்ணை. வேகமானி முள் நகரவில்லை என்பது உண்மைதான். அப்படியானால் நின்றுகொண்டு வந்தவர் திருப்பத்தில் ஏன் எட்டிக் கம்பியைப் பிடித்தார்? பேருந்து இடப்பக்கம் திரும்பியதும் அவர் உடம்பு ஏன் வலப்பக்கம் சாய்ந்தது? ஏதோ ஒன்று மாறியிருக்கிறது, அதை உடம்பு கண்டுபிடித்துவிட்டது.

இதற்கு நான் வகுப்பில் எழுத்து வேலையே தருவதில்லை. விளக்குமாற்றிலிருந்து இரண்டு ஈர்க்குச்சியை உருவி, இரண்டையும் 10 செ.மீ. நீளத்துக்கு நறுக்கச் சொல்வேன். 1 செ.மீ. என்றால் 1 மீ/வி. மேசையில் சாக்பீஸால் ஒரு புள்ளி. இரண்டு குச்சியின் வால்களும் அந்தப் புள்ளியில் இருக்க வேண்டும். ஒன்றின் தலை கிழக்கே, மற்றொன்றின் தலை வடக்கே. இப்போது பழைய குச்சியின் தலையில் விரலை வைத்து, அங்கிருந்து புதிய குச்சியின் தலைக்கு எப்படிப் போவது என்று பாருங்கள். விரல் இடமும் மேலுமாகச் சாய்வாக, வடமேற்கே போகும். அந்த இடைவெளிக்கு மூன்றாவது குச்சியை நறுக்கி அளந்தால் 14 செ.மீ.க்குக் கொஞ்சம் அதிகமாக இருக்கும். கணக்குப் போட்டால் √(10² + 10²) = 14.1 மீ/வி.

ஒரு பையன் கேட்டான்: "சார், வண்டி மேற்குப் பக்கம் போகவே இல்லையே. மேற்கு எங்கிருந்து வந்தது?"

நல்ல கேள்வி. இதைக் கேட்காமல் வடமேற்கு என்று மனப்பாடம் செய்தவனைவிட அவன் எவ்வளவோ மேல். பேருந்திடம் கிழக்கே 10 மீ/வி இருந்தது. முடிவில் கிழக்கே துளியும் இல்லை. அந்தக் கிழக்கு ஓட்டத்தை அழிக்க மேற்கே 10 மீ/வி தந்தாக வேண்டும். வடக்கே எதுவும் இல்லாதிருந்த இடத்தில் 10 மீ/வி உண்டாக்க, வடக்கே 10 தந்தாக வேண்டும். இரண்டும் சேர்ந்ததுதான் வடமேற்கு. சாலை டயரைத் தள்ளியதும் சராசரியில் அந்தத் திசையில்தான், வளைவின் உட்புறமாக.

"14.1 சரியாக வந்தது, திசை வடகிழக்கு என்று எழுதினேன், மதிப்பெண் போய்விட்டது"

கழிப்பதற்குப் பதில் கூட்டியிருக்கிறீர்கள். அதிகம் பேர் விழும் பள்ளம் இதுதான், கண்டுபிடிக்கச் சிரமமானதும் இதுதான். இரண்டு வெக்டரும் செங்குத்தாக இருந்தால் கூட்டினாலும் கழித்தாலும் எண்மதிப்பு ஒன்றே. 90 டிகிரிக் கணக்கு உங்கள் தப்பை மூடி மறைத்துவிடும். எண்ணை மட்டும் கேட்கும் ஒற்றை மதிப்பெண் வினாவில் தப்பித்து, அடுத்த வாரம் 60 டிகிரிக் கணக்கில் மாட்டிக்கொள்வீர்கள்.

ஏன் கூட்டினீர்கள்? உங்கள் படத்தைப் பாருங்கள். அநேகமாகச் சாலையை வரைந்திருப்பீர்கள். கிழக்கே ஒரு அம்பு, அது முடிகிற முனையிலிருந்து வடக்கே இன்னொரு அம்பு, தொடக்கத்தையும் முடிவையும் இணைத்து ஒரு கோடு. அந்தக் கோடு இடப்பெயர்ச்சிக் கணக்கில் பழகியது. கிழக்கே 10 மீட்டர், பிறகு வடக்கே 10 மீட்டர் நடந்தால் எங்கே நிற்பாய் என்பதற்கு அதுதான் விடை. ஆனால் இங்கே கேள்வி அதுவல்ல. திசைவேக அம்பு சாலையில் ஒட்டிக்கொண்டிருப்பது இல்லை. அதைச் சாலையிலிருந்து உரித்து எடுத்துத் தனித் தாளில், இரண்டு வாலும் ஒரே புள்ளியில் வருமாறு வைக்க வேண்டும். சாலைப் படம் ஒன்று, திசைவேகப் படம் ஒன்று, இரண்டும் தனித்தனி. இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பாதித் தப்பு காணாமல் போகும்.

எல்லாத் திசைவேக அம்புகளின் வாலையும் ஒரே புள்ளிக்குக் கொண்டுவந்து பார்ப்பது ஒன்றும் டியூஷன் தந்திரம் அல்ல. அயர்லாந்துக் கணித மேதை வில்லியம் ரோவன் ஹாமில்டன் 1846-இல் இதையே முறையாகச் செய்து, அந்தப் படத்துக்கு ஹோடோகிராஃப் என்று பெயர் வைத்தார். சூரியனை நீள்வட்டத்தில் சுற்றும் கோளின் திசைவேக அம்புகளை இப்படி ஒரே புள்ளியிலிருந்து வரைந்தால், அவற்றின் தலைகள் ஒரு கச்சிதமான வட்டத்தில் அமைகின்றன. பாதை நீள்வட்டம், திசைவேகப் படம் வட்டம். இரண்டு படத்தையும் ஏன் கலக்கக்கூடாது என்பதற்கு இதைவிட அழகான சாட்சி எனக்குத் தெரியாது.

நீங்கள் கூட்டுகிறீர்களா கழிக்கிறீர்களா என்று சோதிக்க 60 டிகிரித் திருப்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்கே 10 மீ/வி போன வண்டி 60 டிகிரி இடப்பக்கம் திரும்பி அதே 10 மீ/வி வேகத்தில் போகிறது. பழையது: கிழக்கே 10, வடக்கே 0. புதியது: கிழக்கே 5, வடக்கே 8.66. புதியதிலிருந்து பழையதைக் கழித்தால் கிழக்கே −5, வடக்கே 8.66. எண்மதிப்பு சரியாக 10 மீ/வி. உங்களுக்கு 17.3 வந்தால் நீங்கள் இன்னும் கூட்டிக்கொண்டிருக்கிறீர்கள். ஈர்க்குச்சியில் பார்த்தால் இது மூன்று பக்கமும் சமமான முக்கோணம், கணக்கே தேவையில்லை.

கொசைன் விதியில் போகிறவர்களுக்கும் இதே நோய் வேறு வடிவில் வரும். இணைகர விதியில் மனப்பாடம் செய்த சூத்திரத்தில் கொசைனுக்கு முன்னால் கூட்டல் குறி இருக்கும். அது கூட்டலுக்கு. கழித்தலுக்கு அங்கே கழித்தல் குறி. வேகம் மாறாமல் திசை மட்டும் திரும்பும் கணக்கில் அந்தச் சூத்திரம்கூட வேண்டாம்: வேகத்தை இரண்டால் பெருக்கி, திரும்பிய கோணத்தில் பாதியின் சைனால் பெருக்கினால் போதும். 60 டிகிரிக்கு வேகத்தின் ஒரு மடங்கு, 90-க்கு 1.414 மடங்கு, 120-க்கு 1.732 மடங்கு, 180-க்கு இரண்டு மடங்கு. நீட் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் இந்த நாலு எண்ணை விரல் நுனியில் வைத்துக்கொள்ளலாம். கடிகார வினாடி முள் 15 வினாடியில் என்ன திசைவேக மாற்றம் அடைகிறது என்று விதவிதமாகக் கேட்பார்கள். முள்ளின் நீளம் 1 செ.மீ. என்றால் நுனியின் வேகம் வினாடிக்கு 0.105 செ.மீ., 15 வினாடியில் திரும்புவது 90 டிகிரி, விடை 0.148 செ.மீ./வி. அவ்வளவுதான்.

"திசை தென்கிழக்கு என்று வருகிறது, சரியான விடைக்கு நேர் எதிர்"

இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். பழையதிலிருந்து புதியதைக் கழித்திருப்பீர்கள். கேள்வியில் பழையது முதலில் வருவதால் கை தானாக அதை முதலில் எழுதிவிடும். கடைக்காரர் முறையில் சரிபாருங்கள். கிழக்கே 10-உடன் தென்கிழக்கைச் சேர்த்தால் வடக்கு கிடைக்குமா? கிடைக்காது.

மற்றொன்று கால்குலேட்டர் செய்யும் வேலை. கிழக்கே −10, வடக்கே +10 என்று கூறுகள் சரியாக வந்திருக்கும். கோணம் காண ஒன்றை மற்றொன்றால் வகுத்து −1-க்குத் தலைகீழ் டேன் போட்டால் கால்குலேட்டர் −45 டிகிரி என்று சொல்லும். அது தென்கிழக்கு. கால்குலேட்டருக்கு வகுத்த பிறகு வந்த −1 மட்டும்தான் தெரியும், எந்தக் கூறில் கழித்தல் குறி இருந்தது என்பது தெரியாது. கிழக்குக் கூறு எதிர்க்குறியாக இருந்தால் 180-ஐக் கூட்டிக்கொள்ளுங்கள். அதைவிட, ஒரு சின்னப் படம் போட்டு அம்பு எந்த மூலையில் விழுகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டால் நினைவு வைக்க எதுவுமே இல்லை.

கால்குலேட்டர் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். கணக்கு முழுக்கச் சரியாக இருந்தும் விடை கன்னாபின்னா என்று வந்தால் சைன் 30 போட்டுப் பாருங்கள். 0.5 வராமல் −0.988 வந்தால் ரேடியனில் இருக்கிறது. 0.454 வந்தால் கிரேடியனில் இருக்கிறது. கல்லூரி முதலாண்டு ஆய்வகத்தில் ஒரு மதியமே இதில் போயிருக்கிறது எனக்கு.

"பந்து சுவரில் மோதித் திரும்புகிறது, 2 என்று எழுதினேன், 10 என்கிறார்கள்"

ரப்பர் பந்து 6 மீ/வி வேகத்தில் சுவரில் மோதி, 4 மீ/வி வேகத்தில் அதே வழியில் திரும்பி வருகிறது. 6-க்கும் 4-க்கும் வித்தியாசம் 2. வேக மாற்றம் என்று கேட்டிருந்தால் இது சரி. கேட்டது திசைவேக மாற்றம்.

பந்தை நிறுத்தவே சுவர் 6 மீ/வி எதிர்த்திசையில் தர வேண்டும். நின்ற பந்தைத் திருப்பி அனுப்ப மேலும் 4 தர வேண்டும். மொத்தம் 10. குறியோடு எழுதினால்: சுவரை நோக்கியது நேர்க்குறி என்று வையுங்கள். புதியது −4, பழையது +6. −4 − 6 = −10.

இதில் இன்னொரு சறுக்கலும் உண்டு. சிலர் குறி போட வேண்டும் என்று நன்றாகத் தெரிந்து −4 − (−6) = 2 என்று எழுதுவார்கள். கேட்டால், "சூத்திரத்தில் பழையதுக்கு முன்னால் மைனஸ் இருக்கிறதே சார், அதைப் போட்டேன்" என்பார்கள். சூத்திரத்தின் கழித்தல் குறி வேறு, திசையைக் காட்டும் கழித்தல் குறி வேறு. ஒன்று என்ன செய்யச் சொல்கிறது என்பது, மற்றொன்று பொருள் எந்தப் பக்கம் போகிறது என்பது. இரண்டையும் ஒரே குறியால் எழுதுவதுதான் வம்பு. அதனால் எண் எதையும் தொடுவதற்கு முன் தாளின் மேலே ஒரு அம்பு போட்டு, இந்தப் பக்கம் நேர்க்குறி என்று எழுதிவிட்டுத் தொடங்கச் சொல்வேன். திசைவேகங்களைக் குறியோடு தனித்தனி வரியில் எழுதிய பிறகே கழித்தலுக்கு வர வேண்டும்.

2-க்கும் 10-க்கும் உள்ள வேறுபாடு மதிப்பெண்ணோடு முடிவதில்லை. பந்தின் நிறை 50 கிராம் என்றால் சுவர் கொடுத்த கணத்தாக்கு, அதாவது நிறை பெருக்கல் திசைவேக மாற்றம், 0.05 × 10 = 0.5 நியூட்டன் வினாடி. அதே வேகத்தில் 50 கிராம் களிமண் உருண்டையை எறிந்தால் அது சுவரிலேயே அப்பிக்கொள்ளும், கணத்தாக்கு 0.3 மட்டும். திரும்பி வருகிற பந்துதான் சுவரை அதிகம் இடிக்கிறது. 2 என்ற விடையை நம்பினால் இது தலைகீழாகத் தெரியும்.

இங்கேயே ஒரு வேலி போட்டுக்கொள்ளலாம். இரண்டு வேகங்களும் 6, 4 என்றால், கோணம் எதுவானாலும் திசைவேக மாற்றத்தின் எண்மதிப்பு 2-க்குக் கீழேயும் போகாது, 10-க்கு மேலேயும் போகாது. ஒரே திசையில் போனால் 2, நேர் எதிரே திரும்பினால் 10, மற்ற எல்லாத் திருப்பமும் நடுவில். 11 வந்தால் திசையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், எங்கோ பெருக்கலில் கோட்டை விட்டிருக்கிறீர்கள். அல்லது ஒன்றை கி.மீ./மணியிலும் மற்றொன்றை மீ/வியிலும் வைத்துக் கழித்திருக்கிறீர்கள். 3.6-ஆல் வகுக்க மறந்த விடை இந்த வேலியைத் தாண்டிக் குதிப்பது வழக்கம்.

"சாய்வாக மோதித் தெறிக்கும் கணக்கில் எதுவும் ஒத்துவரவில்லை"

கேரம் பலகையைக் கொண்டுவாருங்கள். ஸ்ட்ரைக்கர் 4 மீ/வி வேகத்தில், ஓரக் கட்டையோடு 30 டிகிரிக் கோணத்தில் மோதி, அதே வேகத்தில் அதே கோணத்தில் தெறிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிஜத்தில் கொஞ்சம் வேகம் குறையும், பவுடர் போட்ட பலகையிலும் குறையும். கணக்குக்காக அதை விட்டுவிடலாம்.

இங்கே கிழக்கு வடக்கு பேசாதீர்கள். கட்டையோடு ஒட்டிய திசை ஒன்று, கட்டைக்குச் செங்குத்தான திசை ஒன்று என்று பிரியுங்கள். கட்டையோடு ஒட்டிய கூறு 4 × கொசைன் 30 = 3.46. செங்குத்துக் கூறு 4 × சைன் 30 = 2. மோதிய பிறகு ஒட்டிய கூறு அதே 3.46, அதே பக்கம். காய் வந்த போக்கிலேயே முன்னேறிக்கொண்டுதான் இருக்கிறது, கவனித்துப் பாருங்கள். செங்குத்துக் கூறு மட்டும் 2-லிருந்து −2 ஆகிறது. மாற்றம் 4 மீ/வி, கட்டைக்குச் செங்குத்தாக, பலகையின் உட்புறம் நோக்கி. ஸ்ட்ரைக்கரின் நிறை விதிப்படி 15 கிராமுக்கு மிகாது. அந்த 15-ஐயே எடுத்துக்கொண்டால் உந்த மாற்றம் 0.06 கி.கி. மீ/வி.

உங்களுக்கு 6.93 வந்ததா? 30 டிகிரியைக் கட்டையிலிருந்து அளக்காமல் செங்குத்துக் கோட்டிலிருந்து அளந்துவிட்டீர்கள். ஒளியியலில் படுகோணத்தைச் செங்குத்துக் கோட்டிலிருந்தே அளந்து பழகிய கை, இங்கேயும் அதையே செய்கிறது. கேள்வியில் "சுவரோடு" என்றிருக்கிறதா, "சுவரின் செங்குத்தோடு" என்றிருக்கிறதா என்பதைப் பென்சிலால் கோடிட்டு வையுங்கள்.

உங்களுக்கு வந்த மாற்றம் கட்டைக்குச் செங்குத்தாக இல்லாமல் சாய்ந்து நிற்கிறதா? அப்படியானால் ஒட்டிய கூறின் குறியையும் சேர்த்துத் திருப்பிவிட்டீர்கள். அப்படித் திருப்பினால் ஸ்ட்ரைக்கர் வந்த வழியே உங்கள் கைக்குத் திரும்பி வர வேண்டும். வழுவழுப்பான கட்டையால் செங்குத்தாகத் தள்ளத்தான் முடியும், பக்கவாட்டில் இழுக்க முடியாது. விடையின் திசை இதோடு பொருந்தியே ஆக வேண்டும்.

"எறிந்த பந்து அதே உயரத்துக்கு வந்துவிட்டது, மாற்றம் சுழிதானே?"

இல்லை. 20 மீ/வி வேகத்தில் 30 டிகிரி ஏற்றத்தில் எறிந்தால் கிடைக்கூறு 17.3, செங்குத்துக்கூறு மேல்நோக்கி 10. தரையைத் தொடும்போது கிடைக்கூறு அதே 17.3, செங்குத்து கீழ்நோக்கி 10. மாற்றம் 20 மீ/வி, நேர் கீழே. உச்சியில் என்ன என்று கேட்டால் 20 − 17.3 = 2.7 என்று எழுதிவிட்டு வருகிறவர்கள் உண்டு. அதுவும் வேகமானிக் கழித்தல்தான். உச்சி வரையிலான மாற்றம் 10 மீ/வி, கீழ்நோக்கி.

எறிபொருள் கணக்கில் சரிபார்ப்பது மிகச் சுலபம். காற்றை விட்டுவிட்டால், பந்தைத் தொடுவது புவிஈர்ப்பு மட்டுமே. ஆகவே மாற்றம் எப்போதும் நேர் கீழே, அளவு முடுக்கம் பெருக்கல் நேரம். இங்கே பறக்கும் நேரம் 2 வினாடி, முடுக்கம் 10 என்று எடுத்தால் 20. வேறு எதுவாவது வந்தால் அழித்துவிட்டு மறுபடி போடுங்கள்.

"விடை நம்பவே முடியாத அளவு பெரிதாக இருக்கிறது"

சில சமயம் அது தப்பே இல்லை. திசை திருப்புவது எவ்வளவு செலவு பிடிக்கும் வேலை என்பது நமக்கு உறைப்பதில்லை.

500 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோளின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 7.6 கி.மீ. அதன் சுற்றுப்பாதைத் தளத்தை, வேகம் மாறாமல், 60 டிகிரி திருப்ப வேண்டும் என்றால் திசைவேக மாற்றம் அதே 7.6 கி.மீ./வி. பாதையைக் கொஞ்சம் சாய்ப்பதற்கு, சுற்றுவதற்குத் தேவைப்பட்ட அவ்வளவு வேகத்தையும் இன்னொரு முறை கொடுத்தாக வேண்டும். இதைவிட வேடிக்கை, அந்த உயரத்திலிருந்து பூமியின் பிடியையே விட்டு வெளியேற, போகும் திசையிலேயே கூடுதலாகச் சுமார் 3.15 கி.மீ./வி தந்தால் போதும். அதே செலவில் பாதையைத் திருப்பப் பார்த்தால் 24 டிகிரிதான் திரும்பும். ராக்கெட்காரர்கள் எதற்கெடுத்தாலும் "டெல்டா வி எவ்வளவு" என்று கேட்பது நம்முடைய இதே கழித்தலைத்தான்.

நம் பக்கத்திலேயே இதற்கு ஒரு கதை இருக்கிறது. துருவங்களின் மேலாகச் சுற்றும் செயற்கைக்கோளைத் தெற்கு நோக்கி ஏவ வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே விட்டால் இலங்கைக்கு மேலே போகும். அதனால் முதலில் தென்கிழக்காக ஏவி, நடுவழியில் தெற்கே வளைக்கிறார்கள். முழு வேகம் எட்டுவதற்கு முன்பே வளைத்தாலும் அந்த வளைவுக்கென்று எரிபொருள் போகிறது, ஏற்றிச் செல்லும் எடை குறைகிறது. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட ஏவுதளத்துக்கு முக்கியக் காரணம் இதுதான். அங்கிருந்து நேர் தெற்கே கடல்தான். சிறிய எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட்டுக்கு இந்த மிச்சம் பெரிய மிச்சம்.

"வட்ட இயக்கத்தில் சராசரி முடுக்கம், மையநோக்கு முடுக்கத்தோடு ஒத்துப்போகவில்லை"

ஒத்துப்போகக் கூடாது. இது பிழையே அல்ல, ஆனால் இதைப் பிழை என்று நினைத்து ராத்திரி பதினொரு மணிக்குப் போன் செய்தவர்கள் உண்டு.

கால் வட்டத்துக்குத் திசைவேக மாற்றத்தைக் கண்டு, எடுத்துக்கொண்ட நேரத்தால் வகுத்தால், வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்து வருகிற மதிப்பில் 0.90 மடங்குதான் கிடைக்கும். அரை வட்டத்துக்கு 0.64 மடங்கு. முழு வட்டத்துக்குச் சுழி, ஏனென்றால் கிளம்பிய திசைவேகத்துக்கே திரும்பி வந்துவிட்டது. சிறிய துண்டாக எடுக்க எடுக்கத்தான் ஒன்றை நெருங்கும்: 60 டிகிரிக்கு 0.955, 30 டிகிரிக்கு 0.989. மையநோக்கு முடுக்கம் என்பது ஒரு கணத்துக்கு உரியது. கால் வட்டம் முழுவதற்குமான சராசரி வேறு. கேள்வியில் "சராசரி" என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் உங்கள் கழித்தல்தான் சரி.

"இலங்கை வினாத்தாள் போட்டுப் பார்த்தேன், வேகம் என்ற இடத்திலெல்லாம் தப்பாகிறது"

தமிழ்வழியில் கூடுதல் பயிற்சி தேடுகிறவர்கள் இலங்கையின் க.பொ.த. உயர்தர (நம் ப்ளஸ் டூ போன்ற தேர்வு) வினாத்தாள்களை எடுப்பார்கள். நல்ல வினாக்கள், தாராளமாக எடுக்கலாம். சொல் மட்டும் மாறும். நாம் வேகம் என்பது அங்கே கதி. அங்கே வேகம் என்றால் நம் திசைவேகம். முடுக்கம் அங்கே ஆர்முடுகல், வெக்டர் அங்கே காவி, ஸ்கேலர் எண்ணி. "வேக மாற்றம்" என்று அவர்கள் கேட்டால் எண்ணைக் கழித்துவிட்டு நிற்காதீர்கள், அம்பைக் கழியுங்கள்.

"எல்லாம் சரியாகச் செய்தேன், விடைக்குறிப்போடு மட்டும் ஒத்துவரவில்லை"

முதலில் திசையைச் சொல்லும் விதத்தைப் பாருங்கள். மேலே வந்த 60 டிகிரித் திருப்பத்தில் மாற்றம் மேற்கிலிருந்து வடக்காக 60 டிகிரி. அதையே விடைக்குறிப்பு வடக்கிலிருந்து மேற்காக 30 டிகிரி என்று போட்டிருக்கும். இன்னொரு புத்தகம் கிழக்கிலிருந்து இடஞ்சுழியாக 120 டிகிரி என்று சொல்லும். மூன்றும் ஒரே அம்பு.

அதுவும் இல்லையென்றால் விடைக்குறிப்பின் மேலேயே சந்தேகப்படலாம். அவர்கள் விடையை எடுத்துப் பழைய திசைவேகத்தோடு கூட்டிப் பாருங்கள், 67-லிருந்து 100-க்கு எண்ணிய மாதிரி. கூறு கூறாகக் கூட்டினால் அரை நிமிடம் ஆகாது. புதியது கிடைத்தால் அவர்கள் சரி, உங்கள் தாளை மேலிருந்து மறுபடி பாருங்கள். கிடைக்கவில்லையென்றால் விடைக்குறிப்பின் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடலாம்.